அவள் வாயில் வராத பெயர்

ஜூன் 3, 2003

ரயில்வேயில் இருந்தவரை வந்த வண்டி, போன வண்டி எல்லாவற்றையும் எழுதிப் பழகிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு சாமான் சீட்டைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை. இன்று மறுபடி ஆரம்பிக்கிறேன். நல்லம்மாவின் நீலக் கார்டு விவகாரத்தை இந்தத் தடவை முடித்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். எழுதி வைத்தால்தான் எனக்கு வேலை ஓடும்.

விஷயம் இதுதான். என் மனைவி நல்லம்மா 1943-ல் இதே மலாயா மண்ணில், ஆத்தோர ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவள். அவள் கையில் இருப்பதோ சிவப்பு அடையாளக் கார்டு. இந்த நாட்டில் இருந்துகொள்ளலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று அதற்குப் பொருள். இரண்டு தடவை மனுப் போட்டோம், இரண்டும் திரும்பி வந்தன. அவளுடைய பத்திரங்களில் அப்பா பெயர் பெரியண்ணன் என்று இருக்கிறது. பெரியண்ணன் அவளுடைய தாய்மாமன். ஊரிலிருந்து கப்பலில் வந்து, ஊருக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தவர். பெற்ற அப்பா வீரமுத்து இங்கேயே பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. நல்லம்மா அப்போது வயிற்றில்.

வீரமுத்து இங்கே பிறந்தவர், நல்லம்மா அவர் மகள். இந்த இரண்டையும் காட்டிவிட்டால் குடிமகளுக்கான நீலக் கார்டு.

"ஏன் இப்ப திடீர்னு கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம் எலெக்‌ஷன் வருது. நீ ஒரு தடவையாச்சும் ஓட்டுப் போட வேணாமா?"

"நான் ஓட்டுப் போட்டுத்தான் ஆட்சி கவுந்துரப் போகுதாக்கும்."

மத்தியானம் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மின்பெட்டி உயரத்தில் இருக்கிறது. அவள் கைக்கு எட்டும்படி கீழே இறக்கி வைக்க ஆள் பார்க்க வேண்டும்.

ஜூன் 9

காலையில் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். நல்லம்மாவிடம் கோலாலம்பூரில் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். சொன்னது பொய்யாக வேண்டாமே என்று மத்தியானம் பஸ் பிடித்து அங்கேயும் போனேன்.

போனதும் நல்லதாயிற்று. தோட்டத்துக் கம்பெனி மூடும்போது பழைய காகிதங்களை அங்கே ஒப்படைத்திருக்கிறார்கள். குடிமதிப்பு எடுக்கும் வருஷங்களில் தோட்டத்துக் கிராணி வீடு வீடாகப் போய் எழுதிய தலைக்கணக்கின் நகல்களும் அதில் இருக்கின்றனவாம். கவுண்டரில் இருந்த பெண், "பாக்சிக், அடுத்த வாரம் வாங்க, எடுத்து வைக்கிறேன்" என்று மலாயில் மாமா முறை வைத்துச் சொன்னாள். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர் என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது.

ஜூன் 17

கிடைத்துவிட்டார்.

1931-ம் வருஷத் தலைக்கணக்கு. பதினான்காம் லயம். சடையன், வயது முப்பத்தெட்டு, சேலம் ஜில்லாவில் பிறந்தவன், பால்மரம் வெட்டுபவன். மனைவி என்ற இடத்தில் கோடு. மகன் வீரமுத்து, வயது பத்து, பிறந்த இடம் இதே தோட்டம். அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. யாரோ முன்பின் தெரியாத மாமனாருக்காக, அவருடைய அப்பாவுக்காக, எனக்கு ஏன் அப்படி ஆக வேண்டும் என்று தெரியவில்லை. வயதாகிவிட்டது.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஆதாரம் கிடைத்ததே என்று குதிப்பாள் என்று பார்த்தால், "பத்து வயசுல அம்மா இல்லாமயா இருந்தாரு எங்கப்பா?" என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

ஜூன் 24

நேர்காணலில் மலாயில் கேட்பார்கள், மலாயில்தான் பதில் சொல்ல வேண்டும். தினமும் மாலை ஒத்திகை. சந்தையில் மீன்காரனிடம் சண்டை போடுகிற அளவுக்கு அவளுக்கு மலாய் வரும். அதற்கு மேல் வராது, படிக்கவும் தெரியாது.

உன் பெயர்? சொன்னாள். அப்பா பெயர்? "வீரமுத்து." வசிக்குமிடம்? சொன்னாள். கணவர் பெயர்?

சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

நாற்பது வருஷமாக நான் "ஏங்க", "இந்தாங்க". கடையில் யாராவது கேட்டால் "எங்க வீட்டுல." தபால்காரனுக்கு "சிக்னல்காரர்." ஒரு தடவை என்னைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லப் போய், பெயரைச் சொல்ல முடியாமல் திரும்பி வந்து கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இது கவர்மெண்டு. அங்க போய் 'எங்க வீட்டுல'ன்னு சொன்னா வீட்டுக்கே அனுப்பிருவான்."

"நீங்க பக்கத்துலதான இருப்பீங்க, நீங்களே சொல்லுங்க."

"நான் இல்லாட்டி?"

"எங்க போயிருவீங்க?"

ஒத்திகை அத்துடன் முடிந்தது.

ஜூலை 2

பெல்ட்டில் ஆணியால் இன்னொரு துளை போட்டேன்.

ஜூலை 11

இன்று சொல்லிவிட்டாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று அதிகாரி குரலில், "நாமா சுவாமி?" என்றேன். மலாயில் கணவனுக்குச் சுவாமி என்றுதான் பெயர். கும்பிடாவிட்டாலும் பதிலாவது சொல் என்று வம்பு செய்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, மூச்சுவிடாமல், "அர்த்தநாரி" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பை அணைத்து, வெந்துகொண்டிருந்த சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சிரிக்கிறாளா, முகம் கழுவுகிறாளா என்று தெரியவில்லை.

என் பெயர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஜூலை 22

1947 கிடைத்தது. அங்கேதான் சிக்கல்.

அதே தோட்டம், அதே லயம். குடும்பத் தலைவன்: பெரியண்ணன். தங்கை: அங்காயி, வயது இருபத்து மூன்று. அங்காயி என் மாமியார். அவருக்கு நேராகக் கணவன் பெயர் இல்லை, இருக்கிறானா இறந்தானா என்ற இடத்திலும் ஒன்றும் இல்லை. கீழே நல்லம்மா, வயது நான்கு, தலைவனுக்கு மகள். வீரமுத்து எங்குமே இல்லை. அன்றைக்கு எழுதினதை வைத்துத்தான் பிறகு எல்லாப் பத்திரமும் எழுதியிருக்கிறார்கள்.

சென்ற தடவை ஓர் அதிகாரி, "ஒருவேளை மாமாதான் அப்பாவோ" என்று ஒரு மாதிரியாகக் கேட்டதை நான் நல்லம்மாவுக்கு மொழிபெயர்க்காமல் விட்டேன். ஆனால் அவளுக்குப் புரிந்திருக்கிறது. இன்று சொன்னாள்:

"எங்கம்மாவ நான் மன்னிக்கவே மாட்டேன். பெத்த அப்பன் பேர ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்கிட்ட சொன்னதில்ல. மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு வெறுப்பு அந்தாளு மேல. கணக்கெடுக்க வந்தவன்கிட்டயாச்சும் சொல்லித் தொலஞ்சிருந்தா எனக்கு இந்த கதி உண்டா?"

அங்காயி அத்தையை நான் அறிவேன். அதிகம் பேசாத மனுஷி. வெறுப்பு என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் இதைச் சொல்ல இது நேரமில்லை.

ஜூலை 25

தாளை மறுபடி பார்த்தேன். அடுத்த வரி, அடுத்த வீடு: மாரியாயி, வயது பத்தொன்பது. அன்றைக்குக் கிராணி அங்கே நின்றபோது இந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். லயத்தில் ஒரு வீட்டுக்குக் கிராணி வந்தால் பத்து வீடும் வாசலில்தான் நிற்கும். உயிரோடிருந்தால் எழுபத்தைந்து. தோட்டத்துப் பழைய ஆட்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வயிறு சரியில்லை. கஞ்சி.

ஆகஸ்ட் 5

மாரியாயி இருக்கிறார். பந்திங் ஊரில் மகன் வீட்டில். போய் வந்தோம்.

நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை அணைக்க மாட்டேன், சத்தத்தை வேண்டுமானால் குறைக்கிறேன் என்றார். நல்லம்மாவைப் பார்த்ததும் அவராகவே அணைத்தார்.

"அங்காயி மவளா நீ? மூக்கு அப்பிடியே இருக்குதே கண்ணு."

கணக்கெடுத்த நாளைப் பற்றிக் கேட்டேன். நினைவு பளிச்சென்று இருக்கிறது.

"வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டுக் கிராணி வந்தாரு. அங்காயிகிட்ட, புருசன் பேரு என்னான்னாரு. வாயத் தெறக்கல."

"கோவமா?" என்றாள் நல்லம்மா. "விட்டுட்டுப் போயிட்டாருன்னு அம்மாவுக்குக் கோவமா?"

"கோவமா! யாரு சொன்னா? சயாமுக்குப் போனவங்க பாதிப்பேரு திரும்பல. திரும்பி வந்த ஒருத்தன், வீரமுத்து காய்ச்சல்ல கெடந்தான், செத்துருப்பான்னு வந்து சொன்னான். செத்ததக் கண்ணால பாத்தியான்னு கேட்டா உங்கம்மா. பாக்கலன்னான். அப்ப எந்திரிச்சுப் போன்னுட்டா. அன்னையிலேர்ந்து அவ புருசன் உசுரோட இருக்காரு, அவ்வளவுதான் அவ பேச்சு. உசுரோட இருக்கற புருசன் பேர எந்தப் பொம்பள வாயால சொல்லுவா? சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிரும்ல?"

நல்லம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பெரியண்ணன்தான் குறுக்க வந்து, அவன் சயாம்ல செத்துட்டான்னு எழுதிக்கங்க சாமின்னாரு. உங்கம்மா பாஞ்சு போயி அண்ணன் வாயப் பொத்திட்டா. கிராணி கால்ல விழுந்தா. செத்துட்டாருன்னு எழுதாதீங்க, எழுதாதீங்கன்னு. கிராணிக்கு நேரமாச்சு. சரி, வூட்டுக்குத் தலைவன் யாருன்னாரு. நான்தான்னாரு பெரியண்ணன். இந்தப் புள்ள யாருன்னாரு கிராணி. எங்க புள்ளதான்னாரு. அவரும் எழுதிக்கிட்டு எங்க வூட்டுக்கு வந்துட்டாரு. எங்களுக்கு யாருக்கும் அந்தப் பேரச் சொல்ல மனசு வரல. சொன்னா அவ முன்னாடியே அவரக் கொன்ன மாதிரி ஆயிரும்ல."

நல்லம்மா தன் தாலியைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். "அம்மா செத்தப்ப பொட்டோட, தாலியோடதான் எடுத்தாங்க. புருசன் செத்து எத்தன வருசம், இது என்ன கூத்துன்னு ஊரு பேசுச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சு. கட்டாயப்படுத்திக் கழட்டிருக்கணும்னு நெனச்சேன்."

மாரியாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிறகு சத்தியப் பத்திரம் எழுதப் போனோம். எழுதுகிறவர் மாரியாயியிடம் கணவர் பெயர் கேட்டார். "சுப்பராயன்" என்று பட்டென்று சொன்னார். "அவரு போயிச் சேந்துட்டாரு. இனிமே சொன்னா என்ன?"

ஆகஸ்ட் 6

பெட்டியின் அடியில் கிடந்த அங்காயி அத்தையின் படத்தை எடுத்துத் துடைத்து, ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். ஒரு சுத்தியலைத் தூக்க இவ்வளவு மூச்சு வாங்குகிறது.

ஆகஸ்ட் 12

டாக்டர் உடனே படுக்கையில் சேரச் சொல்கிறார். செப்டம்பர் ஒன்பது நேர்காணல் முடியட்டும் என்றேன். அவருக்குக் கோபம். எனக்கும்தான்.

வந்த அசதியில் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன், பையில் ஆஸ்பத்திரிக் கார்டு இருந்ததை மறந்து. பதறி எழுந்து போனால் சட்டை கொடியில் காய்கிறது. கார்டு நனையாமல் மேசைமேல், தண்ணீர்ச் செம்புக்கு அடியில் இருக்கிறது. நல்லவேளை, அவளுக்கு மலாய் படிக்கத் தெரியாது. மின்சாரக் கட்டணக் கார்டு என்று நினைத்திருப்பாள்.

ஆகஸ்ட் 14

பக்கத்து வீட்டுப் பெண் நூர்லைலாவிடம் நல்லம்மா வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்றேன். "மீனு வெல" என்றாள். கண் சிவந்திருந்தது. வெங்காயமாம்.

ஆகஸ்ட் 19

ஒத்திகைக்கு வரமாட்டேன் என்கிறாள். மற்ற எல்லாம் சொல்கிறாள், "நாமா சுவாமி" என்றால் எழுந்து போய்விடுகிறாள். சென்ற மாதம் சொன்னாயே என்றேன். "சொன்னேன்ல, அது போதும்" என்று வள்ளென்று விழுந்தாள். இந்தப் பெண்பிள்ளையோடு நான் எப்படித்தான் காலம் தள்ளினேனோ.

செவ்வாய்க்கிழமை விரதம் வேறு ஆரம்பித்திருக்கிறாள். கார்டு கிடைக்க வேண்டுதலாம். எனக்கு மட்டும் தினம் குழைந்த சோறு, மிளகு ரசம், காரமே இல்லை. விரதம் அவளுக்கு, பத்தியம் எனக்கு.

செப்டம்பர் 9

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. 1931, 1947, மாரியாயியின் சத்தியப் பத்திரம் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டினார். என்னைப் பின்னால் உட்கார வைத்தார். நான் பேசக்கூடாதாம்.

அப்பா பெயர் கேட்டார்.

"வீரமுத்து. சடையன் மகன் வீரமுத்து" என்றாள் நல்லம்மா. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

பிறந்த இடம், வீடு, பிள்ளைகள் இல்லை, எல்லாம் சொன்னாள். பிறகு கணவர் பெயர்.

நல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி மறுபடி கேட்டார். நல்லம்மா மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை அலைச்சலும் இந்த ஒரு சொல்லில் போய்விடும் போலிருந்தது. "நல்லு, சொல்லித் தொல" என்று தமிழில் சொல்லியும்விட்டேன். அதிகாரி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மூன்றாம் தடவை, பதில் சொல்லாவிட்டால் படிவத்தை முடிக்க முடியாது என்றார்.

அப்போது நல்லம்மா மலாயில் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்காத மலாய்.

"தா போலே, புவான். டியா சாகிட்."

முடியாது அம்மா. அவருக்கு உடம்பு சரியில்லை.

நான் தரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். என் தொளதொள சட்டையைப் பார்த்தார். பிறகு சத்தியப் பத்திரத்தை எடுத்து, முதலில் இருந்து மெதுவாகப் படித்தார். என் அடையாளக் கார்டை வாங்கி நல்லம்மா முன் வைத்து, "இவர்தானே?" என்று கேட்டார். நல்லம்மா என் பெயர்மேல் விரலை வைத்துத் தலையாட்டினாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"சட்ட தொவச்சப்ப. நூர்லைலா படிச்சுக் காட்டுச்சு."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?" அப்புறம் முகத்தை இன்னும் திருப்பிக்கொண்டாள். "எல்லாம் நான் செஞ்ச வென. நல்லா இருந்த மனுசன். அன்னிக்கி அடுப்படில வெளயாட்டுக்கு வாயத் தொறந்து சொல்லிட்டேன். அடுத்த மாசமே ஆஸ்பத்திரி கார்டு. எங்கம்மா அத்தன வருசம் காத்தா, என்னால முடியல பாருங்க."

ஒரு மாதமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். எனக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. நான் அவளுக்கு வலிக்கக் கூடாது என்று மறைத்தேன். மறைத்ததால்தான் இவ்வளவும்.

"நல்லு, இங்க பாரு. எனக்கு மே மாசமே தெரியும். நீ சொன்னது ஜூலையில. நோவு முன்னாடியே வந்தாச்சு. ஒன்னால வரல."

திரும்பிப் பார்த்தாள். விரல்களை மடக்கி மே, ஜூன், ஜூலை என்று எண்ணினாள். பிறகு பஸ் என்றும் பார்க்காமல் என் தோளில் ஓங்கி ஓர் அடி.

"மே மாசத்துலேர்ந்தா? எங்கிட்ட சொல்லாம? எலெக்‌ஷனாம், ஓட்டாம். பொய்யி, பொய்யி."

அதற்குப் பிறகுதான் அழுதாள். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்து, கேட்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் 11

படுக்கையில் சேர்கிறேன். நல்லம்மா மலாயில் டாக்டரிடம் சண்டை போடுகிறாள், மீன்காரனிடம் போடுவது போலவே.

அக்டோபர் 6

எழுத்து கோணலாக வருகிறது. வயிற்றில் பாதியை எடுத்துவிட்டார்கள். இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்கிறார் டாக்டர். இருக்கிறேன்.

இங்கே தினமும் நர்ஸ் வாசலில் நின்று, "அர்த்தநாரி ஆள் யார்?" என்று என் பெயரை உடைத்து உடைத்துக் கூப்பிடுகிறாள். நல்லம்மா கையைத் தூக்குகிறாள். வாயைத் திறப்பதில்லை.

நவம்பர் 20

நீலக் கார்டு வந்துவிட்டது. நல்லம்மா, வீரமுத்துவின் மகள் என்று அச்சடித்திருக்கிறது. படிக்கத் தெரியாவிட்டாலும் எது அப்பா பெயர் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அங்காயி அத்தையின் படத்துக்கு முன் கொண்டுபோய்க் காட்டினாள். "இப்ப எழுதிக்கிட்டாங்கம்மா. செத்துட்டாருன்னு எழுதல. அப்பான்னு மட்டுந்தான் எழுதிருக்கு" என்றாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னாள், கேட்டுவிட்டது.

ஜூலை மாதம் சுவரைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். அதற்கு அப்புறம் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நான் கேட்பதும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து "ஏங்க" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இருக்கீங்களான்னு பாத்தேன்."

"இருக்கேன்" என்றேன்.